காமலாபுரத்து விமானமும் மூன்றாண்டுக் கணக்கும்

அம்மாவின் கண் சிகிச்சைக்காக ஓமலூரிலிருந்து மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய்வந்தோம். காரில் ஆறு மணி நேரம். உளுந்தூர்ப்பேட்டை வருவதற்குள்ளேயே அம்மா துவண்டுவிடுவார். 2018 மார்ச்சில், சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு விமானம் விட்டார்கள். இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் விமானம் அது. வெயிலில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறிய அம்மா, மீனம்பாக்கத்தில் இறங்கியதும், “அதற்குள் வந்துவிட்டதா?” என்று கேட்டார்.

2021-இல் அந்தச் சேவை நின்றுபோனது. அதன்பிறகுதான், அந்தச் சேவைக்கு வழிசெய்த உடான் திட்டத்தின், அதாவது சிறு ஊர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின் விதிகளை உட்கார்ந்து படித்தேன்.

அரசு முதலில் நிலையத்துக்குப் பணம் ஒதுக்கும், பிறகு விமானம் வரும் என்றுதான் எண்ணியிருந்தேன். நடைமுறை நேர்மாறானது. ஒரு விமான நிறுவனம் அந்த ஊருக்குப் பறக்க முன்வந்து ஏலம் கேட்க வேண்டும். குறைந்த மானியம் கேட்பவருக்கே வழித்தடம். ஏறக்குறையப் பாதி இருக்கைகளை வரம்புக்கு உட்பட்ட கட்டணத்தில் விற்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது 2,500 ரூபாய். அதனால் விழும் துண்டைத்தான் மானியம் அடைக்கிறது. நம் மாநிலம் அதில் 20 சதவீதம் தர வேண்டும். மீதி, பெரிய வழித்தட விமானங்களிடம் வசூலிக்கும் தீர்வையால் திரளும் நிதியிலிருந்து வருகிறது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் பறப்பவரின் டிக்கெட்டிலும் என் அம்மாவின் பயணத்துக்கு ஒரு பங்கு இருந்திருக்கிறது! இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கிடப்பில் இருந்த நிலையங்களைச் சீரமைக்க 2017-இல் ஒப்புதல் பெற்ற 4,500 கோடியும் இதே வழியில்தான் போகிறது. ஏலம் கேட்க ஆள் இல்லாத ஊருக்கு ஓடுபாதைப் பணமும் எட்டாது. காமலாபுரம் நிலையம் 1993-இல் கட்டப்பட்டு ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த நிபந்தனையின் நியாயம் புரிகிறது.

மானியத்துக்கு மூன்றாண்டு வரம்பு வைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊருக்குக் கிடைத்த மூன்றாண்டில் கடைசி ஓராண்டைக் கொரோனா விழுங்கிவிட்டது. நோயாளியும் வெள்ளிக் கொலுசு வியாபாரியும் விமானத்தை நம்பி நாள் குறிக்கப் பழகுவதற்குள் கெடு முடிந்துவிடுகிறது. சிறு ஊர்களுக்கு ஐந்தாண்டாவது தர வேண்டும்.

2023 அக்டோபரில் மறுபடியும் விமானம் வந்தது. அம்மா இம்முறை ஜன்னலோர இருக்கை கேட்டார். மேட்டூர் அணை தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.