கார்த்திகையில் அழுகிய காகிதப்பூ

கார்த்திகை மழை விட்ட மறுநாள் தொட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். அடித்துளையிலிருந்து சாக்கடை நாற்றம். விரலை விட்டால் வேரின் தோல் உறை கழல்வது போலக் கையோடு வந்தது. உள்ளே வெறும் நார்தான் மிச்சம். போன்சாய் ஆக்க, அதாவது தொட்டியிலேயே குட்டை மரமாக வடிவமைக்க, ஐந்து மாதம் பொத்திப் பொத்தி வளர்த்த காகிதப்பூக் கட்டை அது.

தப்பு அந்த மழையில் ஆரம்பிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் 'பூக்கும் குவின்ஸ்' என்ற குளிர்நாட்டுச் செடியின் போன்சாய் படங்களைப் பார்த்து மயங்கி, ஒரு நர்சரியில் 850 ரூபாய்க்கு ஒரு கன்று வாங்கினேன். "நம்ம ஊருக்கு நல்லா வரும் சார்" என்றார்கள். குவின்ஸ் குளிரில் இலையுதிர்த்து உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும் ஜாதி. கும்பகோணத்தில் மார்கழி ராத்திரியிலேயே அந்த அளவுக்குக் குளிராது. உறங்கவே இடம் கிடைக்காத செடி கத்திரி வெயிலில் கருகிப்போனது. போன் போட்டுக் கேட்டதற்கு, "தண்ணி அதிகமாயிருக்கும் சார்" என்று வைத்துவிட்டார்கள்.

செடி போனாலும், அதற்காகப் படித்தது மண்டையில் தங்கிவிட்டது. அதுதான் வினை. குவின்ஸை ஜப்பானில் இலையுதிர் காலத்தில் தொட்டி மாற்றுவார்கள். வசந்தத்தில் வேரை வெட்டினால் வெட்டுவாயில் கழலை விழும் என்ற பயம். வைகாசியில் எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, மதிலோரம் தொடைப் பருமனில் இருந்த காகிதப்பூவை ஜேசிபிக்காரத் தம்பியிடம் கேட்டு வாங்கி வந்தேன். சாக்கில் வைத்ததுமே துளிர்த்தது. அதற்கும் அதே கணக்கைப் போட்டேன்: செப்டம்பர், அக்டோபர் என்றால் தொட்டி மாற்றும் காலம். அங்கே அது இலை உதிரும் காலம். இங்கே ஐப்பசி அடைமழை. இது எனக்கு உறைக்கவே இல்லை. போதாக்குறைக்கு, "வாய்க்கால் வண்டலை விட சத்தான மண்ணு உண்டா" என்று எல்லாரும் சொன்னதைக் கேட்டு அதையே நிரப்பினேன். நெல்லுக்கு அமிர்தம்தான். தட்டையான தொட்டியில் நாலு மழைக்குப் பிறகு சப்பாத்தி மாவு.

பிழைக்க வைத்த கதையைச் சொல்கிறேன். அழுகிய வேரையெல்லாம் வெள்ளைத் திசு தெரியும் வரை வெட்டினேன். தேறியது ஒரே ஒரு பக்கவேர். வெட்டுவாய்க்கு மாமரத்துக்குப் பூசுகிற போர்டோ பசைதான்: மயில்துத்தம் 100 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். தனித்தனியாகக் கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும், பிளாஸ்டிக் வாளியில். பளபளப்பான இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. வெறும் மணலும் செங்கல் துண்டும் போட்டு, தை பிறக்கும் வரை தாழ்வாரத்தில் மழை படாமல் வைத்தேன்.

செங்கல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காளவாயில் சல்லிசாகக் கிடைத்த உடைசலை முதலில் போட்டேன். வேகாத கல். பத்து நாளில் திரும்பக் களிமண்ணாகிவிட்டது. இப்போது எந்தக் கல்லானாலும் ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டுவைப்பேன். காலையில் தண்ணீர் கலங்கினால் வேண்டாம். கடைசியில் உதவியது அதே இடித்த வீட்டின் பழைய செங்கல்தான். பட்டாணி அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளி, இரண்டு பங்கு; பெருமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு.

தொட்டிக்காகத் தஞ்சாவூர் போனது தனிக்கதை. "இருக்கு சார், வாங்க" என்றார் கடைக்காரர் போனில். போனால் மீன் வைக்கிற பீங்கான் தட்டு, துளையே இல்லை. வந்ததுக்கு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டில் டிரில் வைத்ததும் இரண்டாகப் பிளந்தது. பிறகு கொத்தனார் அண்ணன் சிமெண்டில் ஒன்று வார்த்துக் கொடுத்தார், நாலு துளையோடு. சிமெண்டின் காரம் போக, தினமும் தண்ணீர் மாற்றி இரண்டு வாரம் ஊறவிட்டேன்.

இந்த முறை தொட்டி மாற்றியது ஆனியில். அடைமழைக்கு முன்னால் வேர் பிடிக்க முழுசாக மூன்று மாதம் கிடைத்தது. வேர்மண்ணை உதறவில்லை, காகிதப்பூவின் மெல்லிய வேர் உதறினால் அறும்.

கவாத்தில் பட்ட அடி வேறு. கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டினால் வெட்டுவாய் காய்வது உள்ளே இறங்கித் தண்டையே பொந்தாக்கும். இரண்டு விரல் குச்சி விட்டு வெட்டி, அது காய்ந்த பிறகு சுத்தம் செய்வதே மேல். கிளையை வளைத்து வடிவம் கொடுக்கக் கம்பி சுற்றும்போது, இளந்துளிரைத் தொட்டாலே அடியோடு பிய்ந்துவிடும், முற்றினால் வளையாது. பச்சை மாறிப் பழுப்பேறும் சமயம் பார்த்துச் சுற்ற வேண்டும். நான் நாலு கிளை பறிகொடுத்த பிறகுதான் அந்தச் சமயம் பிடிபட்டது. சுற்றியதை மழை மாதத்தில் வாரம் ஒருமுறை பார்க்கவும்; தண்டு பருத்துக் கம்பி உள்ளே போய்விடும்.

பூ? தையில் நுனி கிள்ளிவிட்டு, இலை தொங்கும் வரை தண்ணீர் காட்டவில்லை. தொங்கினால் ஒரு செம்பு, மறுபடி பட்டினி. கடலைப் புண்ணாக்கை நிறுத்தினேன். அது போட்டால் இலைதான் செழிக்கும். எதிர்வீட்டு அத்தை பார்த்துவிட்டு, "வேலியில கிடக்கிற செடியப் போட்டு ஏன்டா தம்பி இந்தப் பாடு படுத்துற?" என்றார். மாசி இரண்டாம் வாரம் ஒரே கிளையில் ரோஸ் நிறச் செதில்கள் விரிந்தன. நடுவே மெல்லிசாக மூன்று வெள்ளைக் குழல்கள், அதுதான் நிஜப் பூ. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேலியில் எந்நேரமும் பூக்கிறதே என்றார்.

அழுகிய வேர் இருந்த பக்கம் தண்டில் கட்டைவிரல் நுழையும் பொந்து ஒன்று விழுந்திருக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்குகிறது. ஐப்பசிக்குள் அதற்கு ஒரு வழி பண்ண வேண்டும்.