மாரிக் காலபோகத்துக்கு ஒன்று, கோடைச் சிறுபோகத்துக்கு ஒன்று: ஒட்டுசுட்டானில் சோளக்காணி தேடிய அனுபவம்

வன்னியில் உள்ள ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் அமைப்பு ஒன்று, சோளமும் குரக்கனும் எந்தெந்தக் காணியில் வைக்கலாம் என்று வரைபடம் போட்டுத் தரக் கேட்டது. வரைபடம் போடும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவும் சென்டினல் செய்மதிப் படங்களும் இலவசம். காசு போனது பெற்றோலுக்கும் மண் பரிசோதனைக்கும்தான்.

அடிப்படை, ஐநா உணவு விவசாய அமைப்பு 1976இல் வெளியிட்ட நில மதிப்பீட்டு முறை. மண் ஆழம், வடிகால், பிஎச் (மண்ணின் அமில, காரத் தன்மை), மழை, சரிவு எல்லாவற்றையும் பயிரின் தேவையோடு ஒப்பிட்டு, மிகப் பொருத்தமானதை ‘எஸ்1’ என்றும் ஓரளவு பொருத்தமானதை ‘எஸ்2’ என்றும் பொருந்தாததை ‘என்’ என்றும் பிரிக்க வேண்டும். இவற்றில் எதற்கு எவ்வளவு எடை என்பதை, காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிடும் ஏஎச்பி முறையில் எடுக்கலாம்.

மலைநாட்டு ஆய்வுகளில் சரிவுக்குப் பெரிய எடை இருக்கும். வன்னிக்கு அது பொருந்தாது. இங்கே நிலம் கிட்டத்தட்ட மட்டம். ஒரு மீற்றர் ஏற்றத்தாழ்வே மேட்டுக்காணியையும் வயலையும் பிரித்துவிடும். எஸ்ஆர்டிஎம் 2000 பெப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடாரால் அளந்தது; மரங்களின் உயரமும் அதில் கலந்திருப்பதால் காட்டோரம் எல்லாம் மேடாகத் தெரியும். ஆகவே சரிவின் எடையைக் குறைத்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்கு மாரியில் எடுத்த படம் வேண்டும். மாரியிலோ வானம் முழுக்க முகில். சாதாரண கமராபோல ஒளியில் படமெடுக்கும் சென்டினல் 2இன் படத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கைகொடுத்தது சென்டினல் 1. அதன் ராடார் முகிலை ஊடுருவும். அசையாமல் நிற்கும் தண்ணீர் அலையை வேறு பக்கம் தெறிக்க விடுவதால் படத்தில் கறுப்பாக விழும். கார்த்திகை, மார்கழிப் படங்களை அடுக்கிப் பார்த்தபோது தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் துலக்கமாக வந்தன.

பிறகு வயலுக்குப் போனோம். கண்ணிவெடி அகற்றிக் கையளித்த காணிகளில் மட்டுமே மண் பார்க்கத் துளைத்தோம். அதில் சமரசமே கிடையாது. மேட்டில் செங்கபில மண், தண்ணீர் இலகுவாக வடியும். பள்ளத்தில் சாம்பல் மண். இரண்டுக்கும் நடுவில் உள்ள காணிகள்தான் சிக்கல்: மேலே சிவப்பு, கொஞ்சம் துளைத்தால் துருப்புள்ளிகள். மாரியில் நீர்மட்டம் அதுவரை ஏறுகிறது என்று அர்த்தம். கூட வந்த ஐயா ஒருவர் மண்ணைப் பார்க்காமலே சொன்னார்: “தம்பி, இதில காலபோகத்துக்குச் சோளம் போட்டா வேர் அழுகிப்போம். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணி வந்தா நல்லா வரும்.”

அவர் சொன்னதும் ராடார் படமும் துருப்புள்ளியும் ஒன்றையே காட்டின. ஒரே காணி மாரியில் சோளத்துக்கு ‘என்’, சிறுபோகத்தில் ‘எஸ்2’. வருடம் முழுதுக்கும் ஒரே வரைபடம் போட்டால் இந்த நடுக்காணிகள் முற்றாக ஒதுக்கப்பட்டிருக்கும், அல்லது மாரியில் விதைத்துக் கமக்காரர்கள் நட்டப்பட்டிருப்பார்கள். அதனால் போகத்துக்கு ஒன்றாக இரண்டு வரைபடங்கள் கொடுத்தேன். சிறுபோகத்துக்கானதில் முத்தையன்கட்டுக்குளத்து வாய்க்கால் எட்டும் காணிகளை மட்டும் சேர்த்தேன்.

கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி யானை பற்றியது. காட்டோரச் செங்கபில மண் சோளத்துக்கு அருமையானது. யானை இறங்குவதும் அந்தப் பக்கம்தான். யானை வரும் வழிகளை ஊரவர்கள் கைபேசி ஜீபிஎஸ்ஸில் குறித்துத் தருகிறார்கள். அதையும் ஒரு அடுக்காகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.