கொடிக்கம்பத்தடியில் படித்தது

நம் லண்டன் ஒன்றுகூடலின் மலர்க்குழுவினர் கல்லூரி விடுதி நினைவுகளைக் கேட்டார்கள். விடுதிச் சாப்பாட்டைத் திட்டி ஏற்கெனவே போதியளவு பேர் எழுதிவிட்டதால் நான் கொடிக்கு வருகிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் சாரணர் படையில் கொடி கட்டுகிற பொறுப்பு என்னுடையது.

லேசுப்பட்ட வேலையல்ல. விளையாட்டுப் போட்டியன்று கல்லூரிக் கொடியும், இல்லங்கள் என்ற மாணவர் அணிகளின் கொடிகளும் சும்மா ஏறிவிடும். இலங்கைத் தேசியக் கொடியை மட்டும் மடித்து, உள்ளே பூவிதழ் வைத்து, சுருக்கு முடிச்சுப் போட்டு உச்சிக்கு இழுத்துவிட வேண்டும். பிரதம விருந்தினர் கயிற்றைச் சுண்டினதும் கொடி விரிந்து பூச்சொரியும். முடிச்சு இறுகினால் விருந்தினர் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார், கல்லூரி அதிபர் எங்களைப் பார்ப்பார். "பச்சை கயித்துப் பக்கம் வரவேணும் தம்பி" என்று சாரண மாஸ்ரர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். கொடியின் பச்சைப் பட்டை கயிற்றுப் பக்கம் வரக் கட்டினால்தான் அதிலுள்ள சிங்கத்தின் முகமும் வாளும் கம்பத்தை நோக்கி நிற்கும். அரைக்கம்பம் என்றாலும் முதலில் உச்சிவரை ஏற்றித்தான் இறக்க வேண்டும். மாலையில் கழற்றும்போதும் மறுபடி உச்சிக்குப் போய்த்தான் கீழே வரவேண்டும்.

1972 மே 22இல் நாடு குடியரசானது, புதுக்கொடியும் வந்தது. மாஸ்ரர் பழையதையும் புதியதையும் மேசையில் விரித்து, என்ன வித்தியாசம் என்று கேட்டார். அதே சிங்கம், அதே பட்டைகள், அதே மஞ்சள் கரை. நாங்கள் விழித்தோம்.

"மூலையைப் பாருங்கோடா."

பழையதில் சிங்கத்தைச் சுற்றி நாலு மூலையிலும் கூர்முனை அலங்காரம். புதியதில் அந்த இடத்தில் நாலு அரசிலை. மைத்திரி (அன்பு), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல்), உபேட்சை (மனச் சமநிலை) என்ற பௌத்தக் குணங்கள் நாலுக்கும் அவை அடையாளமாம். பௌத்தத்துக்கு முதன்மையிடம் தந்த அரசியலமைப்பும் அதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. மாஸ்ரர் அதற்குமேல் விளக்கவில்லை, எங்களுக்கும் தேவைப்படவில்லை.

பட்டைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1948இல் ஏற்றியது கண்டி அரசனின் சிங்கக்கொடி. அதில் பட்டையே இல்லை. அதை ஏற்கச் சொல்லிப் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் சின்னலெப்பை என்பது இன்று பலருக்குத் தெரியாது. பிறகு கொடியை முடிவுசெய்ய அமைச்சர் பண்டாரநாயக்க தலைமையில் ஒரு குழு அமைந்தது. தமிழர்களான ஜி.ஜி. பொன்னம்பலமும் செனட்டர் நடேசனும் அதில் இருந்தார்கள். 1951இல் முஸ்லிம்களுக்குப் பச்சைப் பட்டையும் தமிழருக்குச் செம்மஞ்சள் பட்டையும் சேர்ந்தன. நடேசன் உடன்படவில்லை, தன் மறுப்பை எழுதியே கொடுத்தார். சிங்கத்தைச் சுற்றித் தனி மஞ்சள் கரை, பட்டைகள் அதற்கு வெளியே. இதைச் சேர்த்துக்கொண்டது என்பதா, வாசலில் நிறுத்தியது என்பதா? நான் நடேசன் பக்கம்.

அந்தக் கண்டிக் கொடி, 1815இல் கண்டி பிரித்தானியரிடம் வீழ்ந்த பிறகு வந்து கிடந்தது நாம் இருக்கும் இதே லண்டனில், செல்சியில் முதிய படைவீரர்கள் வாழும் அரச இல்லத்தில். இலங்கைச் சட்டத்தரணி ஈ.டபிள்யூ. பெரேரா தேடிக் கண்டுபிடித்தார்; 1915இல் தினமின பத்திரிகையில் அதன் படம் வந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மாஸ்ரருக்கு இதைக் காட்டியிருக்கலாமே என்று நினைப்பேன்.

யாழ்ப்பாணத்தில் கடற்படைத் தளம் இருக்கும் காரைநகர்ப் பக்கம் போனால் கடற்படையின் கொடியைக் காணலாம்: வெள்ளைத் துணி, கம்பத்தோரம் மேல்மூலையில் சிறிதாகத் தேசியக் கொடி. வணிகக் கப்பலுக்கு அதே அமைப்பு, துணி மட்டும் சிவப்பு. இரண்டுமே பிரித்தானியர் விட்டுப்போன வழக்கம். ஜனாதிபதிமாருக்கும் தனிக்கொடி இருந்தது, ஆள் மாறினால் கொடியும் மாறும். 2022இல் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதிக்கான தனிக்கொடியை நிறுத்தினார். நல்ல காரியம் என்பேன்.

இனி நம்முடைய ஒன்றுகூடல். போன தடவை மேடையில் பிரித்தானியாவின் யூனியன் கொடி தலைகீழாகத் தொங்கியது, ஒருவரும் கவனிக்கவில்லை. கம்பத்துப் பக்கம் அகலமான வெள்ளைப் பட்டை மேலே வரவேண்டும். கல்லூரிக் கொடியோடு சேர்த்து வைத்தால், சபையிலிருந்து பார்ப்பவர்களுக்கு யூனியன் கொடி இடப்பக்கம் தெரியவேண்டும். மேடை அலங்காரப் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.