மூன்றாவது மைக்

சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க நிறுவனங்களுக்கு ஒப்பந்த ஊழியர்களைத் தேடிக் கொடுக்கும் ரெக்ரூட்டர் வேலையில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது குழுத் தலைவர். என் குழுவின் பத்து இருக்கைகளிலும் ஓர் ஆண்டு முழுக்க அதே பத்து முகங்களை நான் கண்டதில்லை.

விலகுகிறவர்கள் பெரும்பாலும் இரவுப் பணியையே காரணமாகச் சொல்கிறார்கள். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30, விடியும் நேரத்தில்தான் வேன் வீட்டில் இறக்கிவிடும். சிரமம்தான், ஆனால் இங்கிருந்து போகிறவர்களில் பலர் வேறொரு நிறுவனத்தில் இதே இரவுப் பணியில்தான் சேருகிறார்கள் என்பதால், அதை அவர்கள் சொல்வதற்கு வசதியான காரணமாக மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவர்களை மனம் தளர வைப்பது வேறு. பெரிய வாடிக்கையாளர்கள் தங்கள் தேவையை ஒரு மென்பொருள் வழியாகப் பல ஏஜென்சிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். ஆள் கேட்கும் மேலாளரிடம் நாம் நேரடியாகப் பேச முடியாது. டைஸ், லிங்க்ட்இன் போன்ற வேலைவாய்ப்புத் தளங்களில் தேடி, முப்பது பேரை அழைத்து, ஒருவரைப் பிடித்து, மணிக்கு எத்தனை டாலர் என்று பேசி முடித்து, அவருடைய ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்கி ரெஸ்யூமேயை ஏற்றிய பிறகு, பெரும்பாலும் எந்தப் பதிலும் வராது. சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தத் தேவையே மூடப்பட்டிருக்கும். ஆனாலும் அன்றைய சப்மிஷன், அதாவது ஏற்றிய ரெஸ்யூமேக்களின் எண்ணிக்கை குறைந்தால் கேள்வி நமக்குத்தான்.

பணத்தின் கணக்கும் புதியவருக்குப் பொருந்துவதில்லை. அவர் அனுப்பிய ஆள் நேர்காணலில் தேறி, பின்னணிச் சோதனை முடிந்து, வேலையில் சேர்ந்து, வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகே எங்கள் நிறுவனம் இன்சென்டிவ் தருகிறது; அதற்கு நான்கைந்து மாதங்கள் பிடிக்கும். இலக்கை எட்டவில்லை என்ற எச்சரிக்கைக் கடிதமோ மூன்றாம் மாதமே வந்துவிடுகிறது. அந்தக் கடிதங்களில் சிலவற்றில் கையெழுத்திட்டவன் நான்தான்.

இந்தத் தொழிலில் பல இடங்களில் உள்ளதுபோல எங்களிடமும் ஆளுக்கொரு அமெரிக்கப் பெயர் உண்டு. ஜன்னலோர இருக்கைக்குரிய பெயர் மைக். சென்ற மாதம் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிய மறுநாளே அந்த இருக்கையில் இருந்த பையன் சொல்லாமல் நின்றுவிட்டான். புதிதாக வந்த பெண் வேறு பெயர் வைத்துக்கொண்டாலும் தொலைபேசி எண் அதேதான். டாலஸில் இருக்கும் ஒரு ஜாவா நிபுணரை அவள் சிகாகோ வேலைக்காக அழைத்தாள். அவர் பொறுமையாகவே பேசினார்: "இந்த எண்ணிலிருந்து இரண்டு மைக்குகள் என்னிடம் பேசிவிட்டார்கள், நீங்கள் மூன்றாவது. மகளுக்குப் பள்ளி முடியும்வரை ஊரை விட்டு நகர மாட்டேன் என்று இருவரிடமும் சொன்னேன். அங்கே யாரும் எதையும் எழுதி வைப்பதில்லையா?"

எழுதித்தான் வைத்திருந்தான். மேசை இழுப்பறையில் அவன் விட்டுப்போன நோட்டு கிடந்தது. அதில் அவர் பெயருக்கு எதிரே, "டாலஸ் மட்டும். ஜூன் வரை கேட்க வேண்டாம்" என்று இருமுறை அடிக்கோடிட்டிருந்தது.