காப்புக்குப் பன்னிரண்டு ஞாயிறு முன்னால்

மலையகத்தில் வசந்தம் எப்போது வருகிறது என்பதைக் கலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. தையில் நுவரெலியாப் பக்கம் விடியற்காலைப் பனி புல்லைக் கருக்கிவிட்டுப் போகும். மாசியில் வெயில் ஏறும், மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கும். பிறகு பங்குனியில் ஒருநாள், காலையெல்லாம் சுள்ளென்று காய்ந்துவிட்டு, பகல் இரண்டு மணிக்கு மேல் மலைக்கு அந்தப் பக்கம் இடி உருளும். அந்த முதல் இடிமழைதான் எங்கள் வசந்தம். மாசியில் தோட்டத்துக்குத் தோட்டம் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றுகிறார்கள். மன்மதனுக்குத் தோழன் வசந்தன் என்பதால் அந்தக் கூத்து இந்தப் பருவத்தில் வருவதில் ஆச்சரியம் இல்லை. அதே மாசியில் மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தன்று ஐந்து தேர் ஓடுகிறது. அங்கிருந்து தொடங்கிச் சித்திரை, வைகாசி வரைக்கும் ஒவ்வொரு தோட்டத்து மாரியம்மனுக்கும் ஒவ்வொரு நாளில் திருவிழா.

தோட்டத்து வரிசை வீடான லயத்து முற்றத்தில் காய்கறி போடுகிறவர்கள் பலர் மழையை மட்டும் பார்த்து விதைக்கிறார்கள். அது பாதிக் கணக்கு. மீதிப் பாதி திருவிழா நாள். காப்புக் கட்டியதிலிருந்து மஞ்சள் நீராட்டு முடியும் வரை வீட்டில் கவிச்சி இல்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் மருமக்களும் வந்து நிறைவார்கள். அந்த எட்டு ஒன்பது நாளில்தான் காய்கறிச் செலவு எகிறும், சாமிக்குப் பூவும் வேண்டும். ஆகவே காப்பு நாளை வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். அதையும் கிழமையில் எண்ணாமல் ஞாயிற்றில் எண்ணுவது நல்லது. மலைக்குப் போகிறவர் கொழுந்துத் தராசில் நிறுத்துவிட்டு வீடு வந்து சேரும்போது வெளிச்சம் போய்விடுகிறது. மண்வெட்டி பிடிக்க உண்மையில் கிடைப்பது ஞாயிறும் போயா எனும் பௌர்ணமி விடுமுறையும்தான். கமிட்டி இன்னும் தேதி வைக்கவில்லையென்றால் போன வருடம் எந்தப் பௌர்ணமியை ஒட்டிச் செய்தார்கள் என்று பார்த்து எண்ணிக்கொள்ளலாம். ஒரு வாரம் முன்பின் ஆனாலும் குடி முழுகாது.

பன்னிரண்டாவது ஞாயிறு, மண்ணுக்கும் செண்டிப்பூவுக்கும். தேயிலை நின்ற மண் புளித்த மண். தேயிலைக்கு அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது, அதில் அது சுகமாக வளரும். போஞ்சி, கரட், கோவா எல்லாம் 6க்கு மேல் கேட்கும். உரம் கொட்டியும் செடி மஞ்சளாகவே நிற்கிறது என்று குறைப்படுகிற முற்றங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். மண் புளித்திருந்தால் போட்ட உரத்தை வேர் எடுக்காது. சதுர மீட்டருக்கு 200 கிராம் டொலமைட் சுண்ணாம்புத் தூள், அதாவது பெரிய கையால் மூன்று நாலு பிடி, தூவி மண் கிளறும் முள்ளால் குத்தி ஒரு சாண் ஆழத்துக்குக் கலக்க வேண்டும். ஒரு பேர்ச் நிலம் ஏறத்தாழ 25 சதுர மீட்டர், ஆக பேர்ச்சுக்கு 5 கிலோ. டொலமைட்டையும் சாணத்தையும் ஒரே நாளில் போடக் கூடாது, சாணத்தில் இருக்கிற சத்து காற்றோடு போய்விடும். இடையில் இரண்டு வாரம் விடுங்கள். அடுப்புச் சாம்பலும் புளிப்பை முறிக்கும், ஆனால் விறகுச் சாம்பலாக இருக்க வேண்டும். ஷொப்பிங் பேக்கைக் கொளுத்தி அடுப்பு மூட்டுகிற வீட்டுச் சாம்பலைத் தோட்டத்துப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

கோவா நடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பகலில் வாடி, இரவில் நிமிர்ந்து, பத்து நாளில் சாய்கிற கோவாச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல் விரலாக வீங்கியிருக்கும். அதுவும் புளித்த மண்ணின் நோய்தான். அந்த மண்ணில் பல வருடம் இருந்துவிடும். அந்த இடத்தில் கோவா, நோக்கோல், ராபு மூன்றையும் நிறுத்திவிட்டுப் போஞ்சிக்கோ லீக்ஸுக்கோ மாற வேண்டியதுதான்.

செண்டிப்பூ விதையை அதே ஞாயிறு தட்டில் தூவுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். எட்டாவது ஞாயிறு ஓர் அடி இடைவெளியில் நடவு. நட்டுப் பத்து நாள் கழித்து நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் பூ பெருகும். காப்புக்கு ஆறு ஞாயிறு இருக்கும்போது கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு கிள்ளினால் திருவிழாவுக்கு மொட்டுத்தான் இருக்கும். கீழ்ப்பக்கத்தில் 60, 70 நாளில் பூக்கிற செடி குளிர் ஏற ஏற இரண்டு வாரம் வரை பிந்தும். பன்னிரண்டு ஞாயிறு என்பது மேல்மலைக் கணக்கு. மாத்தளை, பதுளைப் பக்கம் என்றால் பத்து போதும். பூவைப் பனி காய்ந்த பிறகு பறியுங்கள். ஈரத்தோடு கட்டிய மாலை ஓரிரவில் நடுவிலிருந்து அழுகத் தொடங்கும்.

எவ்வளவு கெட்டிக்காரத் தோட்டக்காரராக இருந்தாலும் மேல்மலையில் இரண்டை வளர்க்க முடியாது. ஒன்று வேம்பு. அது வெக்கை மரம். கரகத்துக்கும் காப்புக்கும் வேப்பிலை கீழ்நாட்டிலிருந்துதான் ஏறி வர வேண்டும். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் ஓரிரண்டு நாள் உதிராமல் நிற்கும், தண்ணீரில் அமுக்கினால் இலை கறுக்கும். இன்னொன்று தென்னை. அதே லயத்தில் அடுத்த காம்பராவில் (அறையில்) தவக்காலம் இருக்கிற வீட்டுக்கும் குருத்தோலை அதே வழியில் கீழிருந்துதான் வருகிறது.

பத்தாவது ஞாயிறு பாத்தி. சரிவுக்குக் குறுக்கே ஒரு மீட்டர் அகலத்தில் பாத்தி எடுங்கள், மேல் பக்கத்தில் ஒரு சின்னக் கான் வெட்டி விடுங்கள். சரிவை ஒட்டி மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டால் வேலை சுலபம்தான், முதல் இடிமழையில் விதையும் மண்ணும் கீழ் வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடும். சதுர மீட்டருக்கு மக்கின எரு ஒரு வாளி. பச்சைச் சாணம் வேண்டாம்.

ஒன்பதாவது ஞாயிறு கொடிப் போஞ்சி. முதல் பறிப்புக்கு 60 நாள் என்று வைத்துக்கொண்டால் காப்புக்கு மறுநாள் சட்டியில் இருக்கும். வரிசைக்கு வரிசை 50 சென்டிமீட்டர், ஒரு சாண் இடைவெளியில் குழிக்கு இரண்டு விதை, இரண்டு விரல் ஆழம். பத்து மீட்டர் வரிசைக்கு 50 கிராம் விதை தாராளம். விதைத்த கையோடு மேலே தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சியையும் சவுக்கு இலையையும் லேசாகப் பரப்பிவிடுங்கள். மாசி வெயிலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பிறகு இடிமழை வரும்போது மண் இறுகாமல் காக்கும். பீலி மெலிந்திருக்கிற நாட்களில் அரிசி கழுவிய தண்ணீரும் பாத்திரம் அலசிய முதல் தண்ணீரும் போஞ்சிக்குப் போகட்டும், சவர்க்காரத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

போஞ்சியில் கெடுதல் வந்தால் முதல் மூன்று வாரத்துக்குள் வரும். செடி நன்றாக முளைத்து இரண்டு இலை விரித்துவிட்டு, காரணம் தெரியாமல் மஞ்சளாகித் துவளும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுவார்கள். துவண்ட ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை ஒட்டிய தண்டைப் பாருங்கள். வீங்கி, செம்பழுப்பாகி, நெடுக வெடித்திருக்கும். நகத்தால் தோலை உரித்தால் எள்ளைவிடச் சின்னதாகப் பழுப்புக் கூட்டுப்புழு ஒட்டிக்கொண்டிருக்கும். போஞ்சி ஈயின் வேலை அது. கடுகளவுக் கறுப்பு ஈ முதல் இலையில் முட்டையிடும், புழு இலைக்காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி அடியில் போய்த் தங்கும். தண்ணீர் மேலே ஏறாது. அந்த நேரத்தில் மருந்து அடித்துப் பெரிய பயன் இல்லை, புழு தண்டுக்குள் இருக்கிறது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஏழாவது ஞாயிறு, அதாவது விதைத்த பதினாலாம் நாள், ஒவ்வொரு செடிக்கும் விதையிலை நின்ற இடம் வரை மண் அணைத்துவிடுங்கள். வெடிப்புக்கு மேலே புது வேர் விட்டுப் பல செடி பிழைத்துக்கொள்ளும். செத்ததை எருக்குழியில் போடாமல் கொளுத்திவிடுங்கள். கொடிக்கு ஆறடிக் கம்பு, அதையும் மண் அணைக்கிற அன்றே ஊன்றிவிடலாம். பிந்தி ஊன்றினால் வேர் அறுபடும்.

ஆறாவது ஞாயிறு ராபு, நாலாவது ஞாயிறு கீரை. இவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெருக்கமாக முளைத்தால் களைந்துவிடுங்கள், களைந்ததும் கறிதான்.

இனி முளைப்பாரி. நம்பிக்கையும் தோட்டவேலையும் ஒரே சட்டியில் இருப்பது இங்கேதான். சட்டி வாடினால் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள், அதனால் வீட்டில் ஒருவர் முகம் இன்னொருவர் பார்க்காத நிலைமைகூட வந்துவிடும். பெரும்பாலும் குற்றம் யாருடைய சுத்தத்திலும் இல்லை. குளிரிலும் தண்ணீரிலும்தான் இருக்கிறது. சமவெளியில் ஒன்பது நாளில் ஒரு முழம் வளர்கிற பயறு, இரவுக் குளிர் 14 பாகைக்கு இறங்குகிற ஹட்டன் பக்கத்தில் அதே ஒன்பது நாளில் சாணளவு எழும்பவே திணறும். காப்பு நாளை மாற்ற முடியாது. விதையை முன்கூட்டியே விழிக்க வைக்கலாம்.

காப்புக்கு ஒரு வாரம் முன்னால் கடையில் வாங்கிய பயறில் இருபதை எண்ணி ஈரத்துணியில் முடிந்து அடுப்போரம் வையுங்கள். மூன்றாம் நாள் பதினைந்துக்குக் குறைவாக முளைத்திருந்தால் அது பழைய பயறு, வேறு கடை பாருங்கள். விதைக்கடையில் சிவப்புச் சாயம் பூசி வரும் விதை மருந்து போட்டது, அதைச் சாமி சட்டிக்கும் சமையலுக்கும் எடுக்காதீர்கள். ஓர் அடி வாய் அகலமுள்ள சட்டிக்குப் பயறு 100 கிராம், கௌபி 50, நெல் 50 போதும். மூன்றும் ஒரே வேகத்தில் முளைப்பதில்லை. நெல்லைக் காப்புக்கு மூன்று நாள் முன்னால் ஊறப்போட்டு, ஒரு முழு நாள் ஊறியதும் வடித்துத் துணியில் முடியுங்கள். பயறும் கௌபியும் காப்புக்கு முந்திய நாள் காலை ஊறி, எட்டு மணி நேரத்தில் வடிந்து, அன்றிரவு முடிச்சில் இருக்க வேண்டும். காப்பன்று சட்டியில் இடும்போது எல்லாமே மூக்கு வெடித்திருக்கும்.

சட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பேசினாக இருந்தால் சூடான கம்பியால் ஆறேழு இடத்தில் குத்துங்கள். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வைக்கோல் அல்லது தும்பு, அதன்மேல் சலித்த மண் இரண்டு பங்கும் காய்ந்து பொடித்த பழைய சாணம் ஒரு பங்கும். விதையைப் பரப்பி, மறைகிற அளவுக்குச் சாணப்பொடியைத் தூவினால் போதும். தண்ணீரைச் செம்பால் ஊற்றாதீர்கள், கையால் தெளியுங்கள், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, வெதுவெதுப்பாக. மஞ்சள் கலந்து தெளிக்கிற வழக்கம் உள்ள வீடுகள் அப்படியே செய்யலாம். இடம், விறகடுப்பு எரிகிற குசினி மூலை. காஸ் அடுப்பு வீடென்றால் சட்டியைச் சுற்றிச் சாக்குக் கட்டி, இரவில் பக்கத்தில் ஒரு போத்தல் வெந்நீர் வையுங்கள். இருட்டு முக்கியம். வெளிச்சம் இல்லாததால்தான் முளை மஞ்சளாக நீண்டு போகிறது. ஜன்னல் இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் வந்தாலும் சட்டி முழுக்க அந்தப் பக்கம் சாயும். நாலாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சு மாதிரித் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. ஒரு வேளை தெளிப்பதை விட்டு, பூஞ்சணம் பிடித்த இடத்து விதையை மட்டும் கிள்ளி எடுத்துச் சாம்பல் தூவினால் பரவாது. ஏழாம் நாள் நூலால் சுற்றிக் கட்டிவிட்டால் தலையில் தூக்கும்போது சரியாது. ஆற்றில் கரைத்த பிறகு பேசினை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வருடா வருடம் திருவிழா மறுநாள் ஆற்றங்கரையில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

திருவிழா முடிந்தும் போஞ்சி காய்க்கும். மேற்குச் சரிவில் இருக்கிறவர்களுக்கு வைகாசியில் தென்மேற்கு மழை இறங்கிவிடும், அதற்குள் பறித்து முடித்துவிட வேண்டும், பிறகு இலையில் துரு, காயில் கறுப்புக் குழி. ஊவாப் பக்கம், பண்டாரவளை போன்ற இடங்களில் அந்த மாதங்களில் மழை இல்லாமல் காயும், அங்கே இன்னும் கொஞ்ச நாள் ஓடும். விதைக்கு இரண்டு கம்பை முதலிலேயே ஒதுக்கி, அதில் ஒரு காயும் பறிக்காதீர்கள். காய் மஞ்சளாகி ஓடு சலசலக்கும்போது, கறுப்புப் புள்ளி இல்லாததை மட்டும் எடுங்கள். புள்ளி விழுந்த காயின் விதையோடு நோயும் அடுத்த மாசிக்கு வரும். ஓட்டோடு கோத்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டால் புகையில் வண்டு அண்டாது.