டானிக் வாங்கினேன், பசி வரவில்லை

ஒன்றரை வயது மகன் சாப்பாட்டைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்ட அந்த நான்கு மாதங்களில் நான் போடாத வேஷம் இல்லை. கைப்பேசியில் பாட்டு, ஜன்னலில் காக்கா, கெஞ்சல், கடைசியில் அதட்டல். காக்காவுக்காக ஒரு வாய் உள்ளே போகும். அடுத்த வாய் என் மேலேயே வந்து விழும்.

முதலில் பார்த்த மருத்துவரிடம் எடை அட்டையை எடுத்துச் செல்ல மறந்துவிட்டேன். முந்தைய எடை தெரியாமல் அவர்தான் என்ன சொல்வார்? இரண்டு மணி நேரம் காத்திருந்ததற்கு ஒரு பசி டானிக் கிடைத்தது. அதையும் துப்பினான். அட்டை இல்லாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்த மருத்துவர் அட்டையைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "பால் எவ்வளவு குடிக்கிறான்?" விரல்விட்டு எண்ணினேன். எழுந்ததும் ஒன்று, தூங்க ஒன்று, சாப்பிடாத ஒவ்வொரு வேளைக்கும் ஈடாக ஒன்று. ஏறக்குறைய ஒரு லிட்டர்! வயிற்றைப் பாலால் நிரப்பிவிட்டு, பசியைக் காணோம் என்று ஊரெல்லாம் புலம்பியிருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு. பசும்பாலில் அது மிகக் குறைவாம். எடை மட்டும் பிசகவில்லை. முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல 3 மடங்காகிற குழந்தை, இரண்டாம் வருடம் முழுக்கச் சுமார் 2.5 கிலோதான் ஏறும், பசியும் அதற்கேற்பத் தணியும் என்றார். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

பாலை அரை லிட்டருக்குள் அடக்கி, புட்டியிலிருந்து கோப்பைக்கு மாற்றிய வாரத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மாமியார் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. நடுவில், இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் மலம் கறுக்கும் என்று தெரியாமல் மருத்துவமனைக்கு ஓடிய வீண் அலைச்சல் வேறு.

பிறகு கரண்டியோடு துரத்துவதை விட்டேன். எதை, எப்போது வைப்பது என்பது என் பொறுப்பு. எவ்வளவு என்பது அவன் முடிவு. பிடிக்காத ஒன்றைப் பத்துப் பதினைந்து முறைகூட வைக்க வேண்டிவரும் என்று எச்சரித்திருந்தார்கள். வேகவைத்த கேரட்டை முதல் நாள் வீசினான், பிறகு நசுக்கினான், ஒருநாள் நக்கினான். 12வது முறை என் தட்டிலிருந்து தானே எடுத்து வாயில் போட்டான். சந்தோஷம் தாளாமல் கைதட்டிவிட்டேன். என்னைப் பார்த்தான்; உடனே துப்பிவிட்டான். மறுநாள் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு துண்டு போயிற்று.