தீர்த்தன் பள்ளத்தாக்கில் காளான் தேடி

இமாச்சலப் பிரதேசம், குல்லு மாவட்டம், தீர்த்தன் ஆற்றங்கரைக் கிராமங்கள். பனி உருகத் தொடங்கினால் விடியும்போதே பெண்களும் பிள்ளைகளும் மேலே காட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தேடுவது மோரல் காளானை. அங்கே அதற்குக் ‘குச்சி’ (guchhi) என்று பெயர்.

நான் தங்கியிருந்த வீட்டு தீதியோடு (இந்தியில் அக்கா) ஒரு ஏப்ரல் காலையில் போனேன். தேவதாருவும் நீலப் பைனும் அடர்ந்த சரிவு. முந்தைய இரவு இடியோடு மழை பெய்திருந்தது. “இடி இடிச்சாத்தான் குச்சி வரும்” என்றார் தீதி. நம் ஊர்ப் பாட்டிகளும் காளானுக்கு இதையேதான் சொல்வார்கள்!

ஊசியிலைச் சருகின் நிறமே காளானுக்கும். நின்றுகொண்டு பார்த்தால் எதுவும் தெரியாது. தீதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சரிவை மேல்நோக்கிப் பார்க்கச் சொன்னார். ஒன்று கண்ணில் பட்டதும் பக்கத்திலேயே இன்னும் சில தெரிந்தன. சுண்டுவிரல் நுனி அளவு இருந்தவற்றைச் சருகால் மூடிவிட்டு நகர்ந்தார். உலர்ந்த குச்சி கிலோ 10,000 ரூபாயைத் தாண்டும்போது, அடுத்து வருபவர் பறித்துவிடுவார் என்று தெரிந்தும் விட்டுவைக்க மனசு வேண்டும்.

தொப்பி முழுக்கத் தேன்கூடு போலக் குழிகள். நெடுக வெட்டினால் நுனி முதல் அடி வரை உள்ளே வெற்றிடம். குழிகளுக்குப் பதில் மடிப்பு மடிப்பாகவும், உள்ளே அறை அறையாகவும் இருந்தால் அது போலி மோரல், ஆளையே கொல்லக்கூடிய நஞ்சு. நல்ல மோரலையும் பச்சையாகத் தின்னக் கூடாது, நன்றாக வேக வேண்டும். தெரிந்தவர் துணையில்லாமல் பறிக்கவே பறிக்காதீர்கள்.

பக்கத்திலுள்ள கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவுக்குள் 1999 முதல் பறிக்கத் தடை. தலைமுறைகளாகப் போய்வந்த இடங்கள் பலருக்கு அப்படிக் கைவிட்டுப் போயின. இழப்பீடும், காட்டில் உரிமை உள்ளவர்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் எழுதிய பட்டியலில் இருந்த குடும்பங்களின் வாரிசுகளுக்குத்தான். நிலமில்லாதவர்களுக்கு இந்தக் காளான் பருவத்தில்தான் கையில் கொஞ்சம் பணம் புரளும். காட்டைக் காக்க வேண்டும், சரி. ஆனால் அதன் சுமை இவர்கள் தலையில் மட்டும் விழுந்தது நியாயமாக எனக்குப் படவில்லை.

வீட்டில் காளான்களை நூலில் கோத்து அடுப்புக்கு மேலே கட்டினார்கள். உலர்ந்தால் எடை பத்தில் ஒரு பங்காகிவிடும், புகை வாசம் ஏறும். விற்கிற பொருள் என்பதால் வீட்டில் சமைப்பது அபூர்வம். அன்று எனக்காகக் கொஞ்சம் புலாவில் போட்டார்கள். கறித்துண்டு மாதிரி கடிபட்டது, மண்வாசத்தோடு.

அந்தப் பக்கம் போனால் கடையில் வாங்காமல் இப்படிப்பட்ட வீடுகளில் கேட்டு வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.